சொரிமுத்து கட்டிய தொட்டி

சுடலைமாடத்திக்குக் கோபம் வந்தால் தையல் மிஷின் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பூஜப்புரைச் சரிவில் அவளுடைய வரிசையில் குடியிருக்கும் பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், இன்றைக்கு ஜாக்கெட் துணியோடு போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இந்த வருஷம் பங்குனி முழுக்க ஒருத்தியும் படி ஏறவில்லை.

கோபம் ஒரு சுவர் மேல். இல்லை, சுவர் பாவம், அது என்ன செய்யும்? சுவருக்கு உரியவன் மேல்.

வீடு சரிவில் இருப்பதால் ரோட்டு மட்டத்தில் ஓர் அறையும் அடுக்களையும். படியிறங்கிப் போனால் பாதி மண்ணுக்குள் புதைந்த மாதிரி இன்னோர் அறை. கீழ்முறி என்பார்கள். அவளுடைய மிஷினும் வெட்டு மேஜையும் துணிக்கட்டும் அங்கேதான் இருந்தன. மண்ணை ஒட்டிய சுவர் வருஷம் பன்னிரண்டு மாதமும் வியர்க்கும். விரல் வைத்தால் பூச்சு பொலபொலவென்று உதிரும். வைகாசியில் தொடங்கும் எடவப்பாதி மழை இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம், காலையில் தைத்து மடித்த துணியில் இரண்டொரு நாளில் பூசணம் பூத்துவிடும்.

போன ஜூனில் அந்தப் பூசணம் சுப்ரியா டீச்சரின் நர்சரிப் பிள்ளைகள் முதுகு வரைக்கும் போய்விட்டது. டீச்சர் நல்ல மனுஷி. கத்தவில்லை.

"சேச்சி தைக்கிற தையல்ல ஒரு குத்தமும் இல்ல. பக்ஷே பிள்ளைகள் யூனிஃபார்ம்ல பூப்பல் மணம் அடிக்குதுன்னு அம்மமார் சொல்லுது. அடுத்த வருஷமும் இப்படியானா நான் கடையில கொடுக்க வேண்டி வரும், கேட்டோ."

அந்த யூனிஃபார்ம்தான் மாடத்தியின் பிழைப்பு. மற்றதெல்லாம் ஓரம் அடிப்பதும் ஊக்கு வைப்பதும். அது போனால் மறுபடி சித்தாளாகச் சிமெண்டுச் சட்டி தூக்கப் போக வேண்டும். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இனித் தலைச்சுமை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகுதான் அவள் மிஷினிலேயே உட்கார்ந்தாள். சுவர் காய வேண்டும், அதுவும் பள்ளி திறப்பதற்குள். அவளுக்கு வேறு வழியே இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் அவள் புருஷன் சொரிமுத்து ஒரு கொத்தனார். சாதாரணக் கொத்தனாரும் இல்லை. தம்பானூர்ப் பக்கம் எந்த லாட்ஜில் குளியலறை ஒழுகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

லீவு என்று அவனுக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்று சிநேகிதன் லிங்கராஜின் பைக்கில் தூண்டிலோடு ஏறினால் விழிஞ்ஞம் கடற்கரையில்தான் இறங்குவான். புலிமுட்டு என்று இங்கே சொல்லுகிற அலைத்தடுப்புப் பாறைகள் மேல் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருப்பான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அந்தப் பைத்தியம் மாடத்திக்கும் உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவளையும் கூட்டிப் போனான். அன்று அவள் தூண்டிலில் பெரிய செம்பல்லி மீன் ஒன்று மாட்டியது, அவனுக்குப் பொடிமீன்கூட மாட்டவில்லை. லிங்கராஜ் சிரித்தான். அதோடு சரி. புலிமுட்டுக்குப் பொம்பளை வந்தால் மீன் கொத்தாது என்று அடுத்த வாரமே ஒரு சாஸ்திரம் பிறந்துவிட்டது. அந்தச் செம்பல்லி இழுத்த இழுப்பு இன்னும் அவள் தோளில் இருக்கிறது.

தூண்டிலில் கோக்க உயிருள்ள இறால் வேண்டும் என்று வீட்டுக்கு வெளியே ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினான். கட்டியவன் எங்கே கட்டினான்? கீழ்முறிச் சுவரை ஒட்டி, மேட்டுப் பக்கத்தில். கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்து அதில் நிரப்புவான். தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும், அவனும் நிரப்பிக்கொண்டே இருப்பான்.

"தொட்டிதான் ஒழுகுது. அத எடுத்துருங்க," என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனாள்.

"நான் கட்டின தொட்டி ஒழுகாதுட்டி. இது மழ ஈர்ப்பம்."

"மழ எங்க பெஞ்சிருக்கு? மாசியிலேர்ந்து ஒரு சொட்டு விழல்ல."

"போன வருஷத்து மழ. மண்ணு பிடிச்சு வச்சிருக்கும்."

ஒருநாள் சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. நேரே மேலே போய், லிங்கராஜோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள்.

"நக்கிப் பாருங்க. மழைத் தண்ணி உப்புக் கரிக்குமா?"

சொரிமுத்து விரலைத் தட்டிவிட்டான். "சிமெண்டுல உப்பு இருக்கும். கொத்தனாருக்குத் தெரியாதது சித்தாளுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

அவனிடம்தான் அவள் சித்தாளாக இருந்தாள். அப்படித்தான் கல்யாணமே ஆனது. அவன் பூசிய ஒவ்வொரு சுவருக்கும் கலவை போட்டவள் அவள். இத்தனை வருஷம் கழித்து, வெளியாள் முன்னால், அந்தச் சொல்லை அவன் எடுத்து வீசினான். அன்று மிஷின் ஓடிய ஓட்டத்தில் ஊசி முறிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஏறிப் போன பைக் தெருமுனை தாண்டியதும் கடப்பாரையை எடுத்தாள். இறாலையெல்லாம் சருவத்தில் வாரிக்கொண்டு தொட்டியை உடைத்தாள். அடித்தளத்தில் குறுக்கே விரிசல், அதன் கீழே மண் சேறாகக் கிடந்தது. சாயங்காலம் அவன் வெறுங்கையோடு வந்தான். தட்டில் சோறும் இறால் வறுவலும் வைத்தாள். ருசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டான்: "ஏது இறாலு?"

"ஒங்க தொட்டியில கெடந்தது."

கை கழுவாமல் ஓடினான். விரிசலைப் பார்த்தான், சேற்றையும் பார்த்தான். வாயைத் திறந்து ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றே மனம் இறங்கியிருப்பாள். அவனோ, "இனி அந்தச் சுவத்துல கை வச்சா எம் பேரு சொரிமுத்து இல்ல," என்று சூளுரைத்துவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து கீழ்முறிப் பக்கமே இறங்குவதில்லை.

தொட்டி போனதும் சித்திரை வெயிலில் சுவர் காய ஆரம்பித்தது. ஆனால் உப்பிப்போன பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசாவிட்டால் முதல் மழைக்கே பழைய கதைதான். வேறு கொத்தனாரைக் கேட்டுப் பார்த்தாள். கரமனையில் இருக்கும் செல்வமணி கையெடுத்துக் கும்பிட்டான்.

"கொத்தனார் வீட்டுச் சுவத்துல இன்னொரு கொத்தனார் கை வைக்கக்கூடாதுக்கா. நாளைக்கு சைட்டுல அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

இவர்கள் மரியாதை எல்லாம் இவர்களுக்குள்ளேதான். நடுவில் ஒருத்தி பிழைப்பு நாறினால் நாறட்டும். சரி போங்கடா என்று மாடத்தி திரும்பி வந்தாள்.

சித்தாள் பூச்சுக் கரண்டியைத் தொடுவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் தொடுவதில்லை. முடி நரைக்கும் வரை சட்டி சுமந்தவளும் சித்தாள்தான், நேற்று மீசை முளைத்தவன் கொத்தனாராகிவிடுவான். துணிகளை மேலே ஏற்றிவிட்டு, பழைய பூச்சைக் கல் தெரியும் வரை கொத்தித் தள்ளினாள். வெளியே தொட்டி இருந்த குழியை மூடி, மழைத்தண்ணீர் சுவரண்டை நிற்காமல் ஓடும்படி வாய்க்கால் வெட்டினாள். ஈரம் தாங்கும் மருந்தைக் கலவையில் ஊற்றிப் பிசைந்தாள். பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொரிமுத்துவின் கரண்டியை அவன் பையிலிருந்தே எடுத்தாள்.

முதல் கலவை சுவரில் ஒட்டாமல் காலில் வந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பயந்து பயந்து தடவுவதால்தான் விழுகிறது என்று புரிந்தது. கலவையை வீசி அடிக்க வேண்டும். மீன் கொத்தாது என்று சாஸ்திரம் சொன்ன வாயை நினைத்துக்கொண்டு ஒரு கரண்டி அடித்தாள். சித்தாளுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும் என்ற சொல்லை நினைத்து இன்னொன்று. அப்பிக்கொண்டது. அவளிடம் கோபத்துக்குப் பஞ்சமில்லை, சுவர்தான் போதவில்லை.

இருட்டுவதற்கு முன் மீனோடு வந்த சொரிமுத்துவுக்கு ஈரச் சிமெண்டு வாசம் வாசலிலேயே தெரிந்துவிட்டது. சபதமெல்லாம் மறந்து கீழே இறங்கினான்.

"எவன் வந்தான் என் வீட்டுக்குள்ள? செல்வமணியா?"

அவள் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் மட்டப்பலகையை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தான், மூலையில் விரல் ஓட்டினான். குரல் தானாகத் தணிந்தது. "செல்வமணி மூலைய இப்படி அடைக்க மாட்டான். மோசமில்ல. யாருட்டி கொத்தனாரு?"

"நாந்தான்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் கை முழுக்கச் சிமெண்டு அரித்த புண்ணைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை.

"பூச்சு வெடிக்காம இருக்கணும்னா தண்ணி நனைக்கணும். காலைலயும் சாயந்தரமும். அது சித்தாள் வேல," என்றாள் மாடத்தி. "பக்கெட்டு அந்தா இருக்கு."

அவன் பக்கெட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அன்று மேலே போய்விட்டான். மறுநாள் விடிந்ததும் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்மெல்லாம் கீழ்முறியில் மடித்து அடுக்கியாகிவிட்டது. மாடத்தி தூண்டிலை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள். புலிமுட்டில் லிங்கராஜ் எழுந்து இடம் கொடுத்தான், அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. நண்பகலில் கடல் கறுத்து, எடவப்பாதி கொட்டித் தீர்த்தது. நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தபோது சொரிமுத்து கீழ்முறியில் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தான். வெளியே வாய்க்காலில் தண்ணீர் இரைந்து ஓடியது. அடுக்கிய துணியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"காஞ்சுதான் இருக்கு மாடத்தி," என்றான், ஏதோ அவன் கண்டுபிடித்த மாதிரி.

கோபம் தணிந்ததா என்றால், இல்லை. இத்தனை வருஷத்துக் கோபம் ஒரு மழையில் கரைந்துவிடுமா? பையிலிருந்த செம்பல்லியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நான் பூசின சுவரு ஒழுகாது. போயி இதச் செதில் எடுங்க."