பெர்னதெத் போட்ட பிளக்-இன்

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த பெர்னதெத், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தாள். ஒரு காலத்தில் அவள் குழுவில் ஒன்பது பேர். நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட் வந்த பிறகு ஒவ்வொருவராகப் போய், கடைசியில் அவளும் ஒக்கலிபுரத்து ஆதிகேசவனும்தான் மிஞ்சினார்கள்.

ஏஜென்ட்டிடம் ஒரு குறை. அதன் நினைவில் ஓரளவுதான் கொள்ளும். நிரலைச் சோதிக்க ஒரு டெஸ்ட் ஓட்டினால் கொட்டுகிற ஆயிரக்கணக்கான வரிகளை அப்படியே விழுங்கிவிட்டு, காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துவிடும். அதனால் ஆதிகேசவன் அந்த வரிகளை முதலில் படித்து, பிழை எங்கே என்று நாலு வரியில் சுருக்கிக் கொடுப்பான். நாள் முழுக்க அதே வேலை.

"கண்ணு எரியுதுக்கா. தண்ணி தண்ணியா வருது" என்றான் ஒருநாள்.

அவன் கண்ணைத் துடைப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. தேடிப்பிடித்து, ஏஜென்ட்டோடு இணைக்கும் துணை மென்பொருளான ஒரு பிளக்-இன்னைக் கண்டெடுத்தாள். அது தங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும். நோயாளிகளின் விவரம் எதுவும் வெளியே போகாது. நீளமான வரிகளைத் தானே வடிகட்டி, தேவையானதை மட்டும் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும்.

போட்டுப் பார்த்தாள். ஏஜென்ட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"ஆதி, கொஞ்சம் இங்க வா. இது ஏன் வேலை செய்யல?"

அவன் குனிந்து பார்த்தான். "பழைய செஷன்லயே இருக்கீங்கக்கா. ஏஜென்ட்ட மூடிட்டுப் புதுசா திறங்க."

திறந்தாள். டெஸ்ட் ஓடியது. ஏஜென்ட்டுக்கு ஆறு வரிதான் போனது. ஏஜென்ட் பிழையைத் திருத்தியது. சாயங்காலம்வரை எதையும் மறக்கவில்லை. "அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தான் ஆதிகேசவன்.

இரண்டு வாரம் கழித்து, மேனேஜர் ஷில்பா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது அவன் கழுத்தில் ஐடி கார்டு இல்லை. மேஜையிலிருந்த கண் சொட்டு மருந்தையும் டிபன் டப்பாவையும் பையில் போட்டான்.

பெர்னதெத் எழுந்து அவன் மேஜைக்கு வந்தாள். "நான் உனக்காகத்தான்டா போட்டேன்."

"தெரியும்க்கா. நீங்க போடலேன்னா வேற யாராச்சும் போட்டிருப்பாங்க."

அவளைத் தேற்றத்தான் சொன்னான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் நேரே ஷில்பாவிடம் போனாள். "அத எடுத்துடறேன். அவன் இருக்கட்டும்."

"மத்த எல்லா டீமுக்கும் அதப் போடச் சொல்லியாச்சு பெர்னதெத்" என்றாள் ஷில்பா. குரலில் கடுமை இல்லை; களைப்புதான் இருந்தது. "எப்படிப் போடணும்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். நாற்பத்தெட்டு வயதில் அந்த வேலையை விட்டால் வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் உட்கார்ந்து எழுதினாள். கடைசிப் படியில், பழைய செஷனை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும் என்று எழுதி, 'இதைக் கண்டுபிடித்தவர் ஆதிகேசவன்' என்று சேர்த்தாள். குழுக்களுக்குப் போன குறிப்பில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. எடுத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு ஞாயிறு அவனுக்கு போன் செய்தாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது.