ரோல்ஸுக்காக நிறுத்திய படம்

நேற்று ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். காத்திருக்கச் சொல்லி ஓர் இசையைப் போட்டார்கள். அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல ஒரு பெரிய வயலின், பின்னால் தயங்கித் தயங்கி ஓர் அக்கோடியன். போனைக் காதோடு அழுத்தினேன். உருக்கத்தில் அல்ல, கோபத்தில். கூடவே எங்கிருந்தோ மட்டன் ரோல்ஸ் வாசம் வந்தது.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், இங்கே புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் யூஜின் அண்ணை, மன்னார்க்காரர். வேலை செய்தபடியே இந்த மெட்டை முனகுவார். ஓரிடத்தில் டக்கென்று நிறுத்திவிடுவார். மிச்சத்தைக் கேட்டால், "அதைப் படத்தில கேள்" என்பார்.

படம் மூன்றரை மணித்தியாலம். பெயர் வாயில் நுழையாத ஏதோ மொழியில் இருந்தது. அண்ணை அதைக் கதவுப்படம் என்பார். ஒருவன் கதவொன்றை முதுகில் கட்டிக்கொண்டு பனிக்குள் நடக்கிறான். ரயில் நிலையத்தில் மாடுகள் ரிக்கெற்றுக்கு வரிசையில் நிற்கின்றன. ஏன் என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் ஆட்களை இதை ஒருமுறை கடைசிவரை பார்க்கவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அந்த மனிதருக்கு ஆசை. நகரத்துக்குள், வில்லரேப் பகுதியில் எங்கள் ஆட்கள் போகும் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தைக் கேட்டு வாங்கி, புரொஜெக்டரை இரவல் எடுத்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு போட்டார்.

சனம் முணுமுணுத்தது, கொட்டாவி விட்டது, ஆனால் எழும்பிப் போகவில்லை. எனக்கும் படம் விளங்கவில்லை. அந்த வயலின் தொடங்கும்போதெல்லாம் விளங்காமல் இருப்பதே சுகமாக இருந்தது. கடைசியில் அவன் கதவை இறக்கிப் பனியில் நட்டு, பிடியில் கை வைக்கிறான். மெட்டு, அண்ணை வழக்கமாக நிறுத்தும் இடத்துக்கு வருகிறது.

லைற் எரிந்தது.

"இடைவேளை. ரோல்ஸ் ஆறப்போகுது, வாங்கோ" என்றார், சாப்பாட்டைப் பொறுப்பெடுத்திருந்த எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர். படத்தில் இடைவேளையே இல்லை என்று அண்ணை மன்றாடினார்.

"இடைவேளை விடாட்டிச் சனம் எங்களையெல்லோ பேசும்" என்றார் செயலாளர்.

ஊர்த் தியேட்டரில் பழகிய புத்தி. இடைவேளை இல்லாமலும் ஒருவன் படம் எடுப்பான் என்பது அந்த மண்டையில் ஏறவேயில்லை. சுவரில் கதவுக்காரன் பிடியில் கை வைத்தபடி உறைந்து நின்றான். அவன் முகத்தில் சோஸ் போத்தலின் நிழல் விழுந்தது. தின்றவர்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள், உதவி செய்கிறார்களாம், கதிரைகளை அடுக்கினார்கள்.

"அவங்களுக்கு இடைவேளைதானடா படம்" என்று சொல்லிவிட்டு அண்ணை டிஸ்க்கை உறைக்குள் போட்டார். பிறகு களஞ்சியத்தில் அவர் அந்த மெட்டை முனகவேயில்லை. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒரு ரோல்ஸ் ஆறினால் என்ன, குடியா முழுகிவிடும்?

களஞ்சியத்தை மூடிவிட்டார்கள். மண்டபம் இப்போது ஒரு கார்டெரி, பிள்ளைகள் காப்பகம்; குழந்தைகள் பிரெஞ்சில் அழுகிறார்கள். யூஜின் அண்ணையும் போன பனிக்காலத்தில் போய்விட்டார். செத்தவீட்டில் அதே செயலாளர் ரோல்ஸ் தட்டை நீட்டினார். நான் முகம் கொடுக்கவில்லை.

நேற்றுத் தொலைபேசியில் மெட்டு அந்த இடத்துக்கு வந்ததும், "பொன்ஜூர்" என்று ஒரு பெண் குறுக்கே வந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். என்னைத் திரும்பவும் காத்திருக்க விடுங்கள் என்றேன். என் பிரெஞ்சில்தான் பிழை என்று நினைத்து இங்கிலீஷில் கேட்டாள். இங்கிலீஷிலும் அதையே சொன்னேன்.

விட்டாள். வேறு ஏதோ பாட்டு ஓடியது.