அன்ஸார் நானாவும் பட்டாயாவும்

பலாபத்வலையில், மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பெருவீதி ஓரத்தில் அன்ஸாருக்கு ஒரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. சீமெந்து, கம்பி, பெயின்ட், தரைக்குப் பதிக்கிற மாபிள் எல்லாம் அங்கே கிடைக்கும். மனிதர் ஐம்பதைத் தாண்டியவர், ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன் முறை. காலையில் கடையைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்தால், தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எழும்புவதோடு சரி. பீடி, சிகரட் இல்லை. ஊர்ச் சண்டையில் தலை போட்டதில்லை. வெளிநாடு என்று போனதும் ஒரே ஒரு தடவை, மனைவி மஸூதாவோடு மக்காவுக்கு, உம்றா செய்ய. இப்படிப்பட்ட மனிதரைப் பார்த்துத்தான் ஊர் கண்ணடிக்கத் தொடங்கியது. அதற்குக் காரணம் பட்டாயா.

மாபிள் கொம்பனி ஒன்று, நிறைய விற்றுக் கொடுத்த கடைக்காரர்களைத் தாய்லாந்துக்குச் சுற்றுலா கூட்டிப் போவதாக அறிவித்தது. அன்ஸாருடைய பெயரும் அதில் வந்துவிட்டது. ஊர் எது என்று கேட்டபோது பட்டாயா என்றார்கள். அவருக்கு முகமே கறுத்துப் போனது. அந்த ஊரைப் பற்றி மாத்தளையில் எல்லாருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் தெரியும், அதை யாரும் பெண்கள் முன்னால் பேசுவதில்லை. டிக்கட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தார். மஸூதாதான் தடுத்தாள்.

“சும்மா கிடைக்கிறத ஏன் விடுறீங்க? போய்ட்டு வாங்க. கண்டதையும் பாக்காம இருந்தாச் சரி” என்றாள்.

போனார். முதல் நாள் பொழுது பட்டதும் கூட்டத்தோடு ஒரு தெருவுக்குள் நுழைந்தவர் பாதித் தூரம் கூடப் போகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெண்பிள்ளைகளில் ஒருத்தி தன் மகள் நிப்லாவின் வயதாக இருப்பாள் என்று பட்டது. திரும்பி ஹோட்டலுக்கு வந்து படுத்துவிட்டார். நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்ச நாளையும் ஓட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்தார்.

ஆனால் பழக்க தோஷம், விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு விழிப்பு வந்துவிட்டது. தொழுதுவிட்டுக் கீழே இறங்கினார். கூட்டாளிகள் எல்லாரும் தூக்கத்தில். வீதியைக் கடந்தால் கடல். மாத்தளைக்காரருக்குக் கடல் என்பதே வருஷத்தில் ஒரு நாள் பார்க்கிற சாமான். அந்தக் கடலோரத்தில், நீளத்துக்கும் மரங்களின் கீழே, ஊர் மக்கள் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் சின்ன ரேடியோ ஒன்றை மணலில் வைத்துவிட்டுக் கைகோத்து மெதுவாக ஆடினார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்ஸாரையும் யாரும் பார்க்கவில்லை. தன்னை யாரும் பார்க்காத இடம் ஒன்றில் அவர் வாழ்க்கையில் நின்றதே இல்லை. நின்று பார்த்தார். நன்றாக இருந்தது.

பிறகு அந்த வண்டி. பின்பக்கம் ஆட்கள் உட்கார இரண்டு நீள வாங்கு போட்ட கருநீலப் பிக்கப், கடலோர வீதியால் போய், பின்வீதியால் திரும்பி, மறுபடி கடலோரத்துக்கே வரும். எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்க வேண்டுமானால் கூரையில் உள்ள மணியை அழுத்த வேண்டும். அன்ஸார் ஏறி உட்கார்ந்தார், இறங்கவே இல்லை. முகத்தில் கடற்காற்று அடிக்க அடிக்கச் சுற்றி வந்தார். எதிரே இருந்த சீனத்துப் பெண்பிள்ளை இவரைப் பார்த்துச் சிரித்தபோதுதான், தான் இவ்வளவு நேரமாகத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

பின்வீதியில் ஒரு பள்ளிவாசல் இருந்தது. அதன் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் மாட்டிறைச்சிச் சூப் விற்றாள். அவளுக்கு இவருடைய பாஷை தெரியாது, இவருக்கு அவளுடைய பாஷை தெரியாது. ஸலாம் சொன்னார், அவளும் சொன்னாள், சூப்பில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சியை அள்ளிப் போட்டாள். மாலையில் குன்றின் மேல் ஏறி, ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் நட்டு வைத்திருந்த இடத்தில் நின்று, வளைகுடா முழுக்க விளக்கு ஒவ்வொன்றாகப் பற்றுவதைப் பார்த்தார். கீழே மணலில் பாய் விரித்து, பிள்ளை குட்டியோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவரும் இறங்கிப் போய் ஓரமாக உட்கார்ந்தார். பலாபத்வலையில் பொழுது பட்டு மஃரிபுத் தொழுகை முடிந்தால் லொறிகளின் வெளிச்சம்தான் வெளிச்சம். இங்கே ஒரு ஊரே தன்னை அலங்கரித்துக்கொண்டு, வாங்க, சந்தோஷமாக இருங்க என்று வெட்கமில்லாமல் கூப்பிட்டது. அந்தக் கூப்பாட்டில் அசிங்கமும் இருந்தது, அவருக்குத் தெரியும். ஆனாலும் மனம் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்கு என்ன செய்வது?

ஊருக்கு வந்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவரால் முடியவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் சொன்னார். சலூனில் சொன்னார். கடல், பிக்கப் வண்டி, சூப் விற்ற பெண் என்று ஆசையாசையாகச் சொல்லத் தொடங்குவார். கேட்பவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, “ம், ம், சூப்பு” என்பார். பக்கத்தில் இருப்பவர் இருமுவார். அன்ஸாருக்கு நெஞ்சு கொதிக்கும். “அது இல்லடா, நான் சொல்றது வேற” என்று மறுபடி தொடங்குவார். அவர் விளக்க விளக்கச் சிரிப்புத்தான் கூடியது.

இதில் உச்சம் ஸப்ரி செய்த வேலை. ஸப்ரி அலுவிகாரையில் மாபிள் கடை வைத்திருப்பவன், அதே சுற்றுலாவில் வந்தவன். அங்கே போன முதல் நாளிலிருந்து அவன் எங்கெங்கே போனான், எந்த நிலைமையில் திரும்பி வந்தான் என்பதெல்லாம் அன்ஸாருக்குத் தெரியும், ஆனால் ஒரு சொல் வெளியே விட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து தேநீர்க் கடையில் அன்ஸாரும் இன்னும் நாலைந்து பேரும் இருக்கும்போது பட்டாயாப் பேச்சு வந்தது. ஸப்ரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “அஸ்தஃபிருல்லாஹ், அது மனுஷன் போற ஊரா? நான் ரூமை விட்டு வெளிய போகல்ல. அன்ஸார் நானாதான் விடிய முன்னமே எழும்பி, தனியாப் போவாரு. எங்க போவாரு எண்டு நாங்க கேக்கல்ல” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்ஸாரைப் பற்றி அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, தனியாகப் போனது உண்மைதான், விடியுமுன் போனதும் உண்மைதான். அன்ஸார் வாயைத் திறந்தார். ஸப்ரியின் கதையைச் சொன்னால் அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடிக்காமல் எழும்பி வந்தார். தப்புச் செய்தவன் நல்லவனாகிவிட்டான், ஆசைப்பட்டுப் பேசியவன் தப்புக்காரனாகிவிட்டான் என்று வீட்டில் வந்து கத்தினார்.

மஸூதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “நீங்க ஒண்டும் செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும். ஆனா பேசாதீங்க” என்றாள். ஊர் சந்தேகப்பட்டதை விட இதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. நம்புகிறாள், ஆனால் கேட்கத் தயாரில்லை.

அந்த நாட்களில் நிப்லாவுக்கு உக்குவளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இன்ஷாப் வங்கியில் வேலை செய்கிறவன். அவனுடைய வாப்பா லாபிர் ஹாஜியார் மதிப்பான மனிதர், கொஞ்சம் பெரிய பேச்சுக்காரரும் கூட. பெண் பார்க்க வந்த இடத்தில், வெளிநாட்டுப் பயணம் ஏதாவது போயிருக்கிறீர்களா என்று அன்ஸாரிடம் பேச்சுக்குக் கேட்டார். மக்காவும் மதீனாவும் அன்ஸாரின் நினைவுக்கே வரவில்லை. பட்டாயா என்று தொடங்கிவிட்டார். கடலோர வீதியைப் பாதி சொன்ன பிறகுதான் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ஹாஜியாரின் மனைவி பலகாரத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில், யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பிப் போனார்கள்.

அன்றைக்கு மஸூதா அழுதுவிட்டாள். “உம்றாக்குப் போனதச் சொல்லியிருக்கலாமே. அல்லாஹ் வாய அங்கதான் திறக்க வச்சானா?” என்றாள். நிப்லா மட்டும், வாப்பா பொய் சொல்லவில்லைதானே என்று மெதுவாகச் சொன்னாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு அன்ஸார், நீ நேரில் வந்து பார், பார்த்துவிட்டு ஊருக்குச் சொல்லு, நீ சொன்னால் எல்லாரும் நம்புவார்கள் என்று மனைவியை விடாமல் நச்சரித்தார். கடைசியில் மஸூதாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சம்பந்தப் பேச்சு நடுவில் தொங்குவதால், போகும்போது மலேசியாவுக்குப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். வந்த பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாமே என்று அன்ஸார் சம்மதித்தார்.

பட்டாயாவில் மஸூதா முதல் நாள் அவருடைய கையை விடவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. அவர் பதறினார். கூட்டி வந்தது தப்போ என்று நினைத்தார். மறுநாள் விடியற்காலையில் கடலோரத்தில் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அபாயாவின் ஓரம் நனைந்தது. பிக்கப்பில் ஏறினார்கள். மணியை யார் அழுத்துவது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் தானே அழுத்தினாள். வண்டி நின்றது. இறங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சாரதி முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தான். சூப்காரி இவளைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தாள், இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் நெடுநேரம் பேசினார்கள். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து மஸூதா இப்படிச் சிரித்து அன்ஸார் பார்த்ததில்லை. குன்றின் மேல் வைத்து, “உண்மையாகவே நல்ல ஊருதான் போங்க” என்று சொன்னாள். அவர் உடனே கைபேசியை எடுத்தார். படம் எடுக்கும்போது மட்டும், “பின்னால இருக்கிற எழுத்து விழாம எடுங்க” என்றாள். எழுத்தின் வெளிச்சம் படத்தைக் கெடுக்கும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து கொஞ்ச நாளில் லாபிர் ஹாஜியார் குடும்பத்தோடு மறுபடி வந்தார். மனிதர் இந்த முறை முகம் மலர்ந்திருந்தார். அன்ஸார் மனைவியையும் கூட்டிக்கொண்டு மலேசியாவுக்குப் போய் வந்தாராம், நல்ல மனிதர்தான், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று தங்கள் வீட்டில் பேசிக்கொண்டதாக வந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள். அன்ஸார் மஸூதாவைப் பார்த்தார். இதோ இப்போது சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்.

மஸூதா சொன்னாள். நன்றாகவே சொன்னாள். கடலோர வீதி, மரங்கள், மணியடிக்கும் வண்டி, இறைச்சியை அள்ளிப் போட்ட சூப்காரி, மணலில் பாய் விரித்து உட்காரும் குடும்பங்கள், எதையும் விடவில்லை. கைபேசியில் படங்களைக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் இருமவில்லை. எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். “என்ன இருந்தாலும் முஸ்லிம் நாடு, ஒழுங்கு இருக்கும்தானே” என்றார் ஹாஜியார். மஸூதா தலையாட்டினாள்.

அன்ஸாருக்குத் தாங்கவில்லை. “அது மலேசியா இல்ல. அது பட்டாயா” என்றார்.

வீடே சிரித்தது. ஹாஜியார் அவருடைய தோளில் தட்டி, “நானாக்கு இன்னும் அந்தப் பகிடி போகல்ல” என்றார். மஸூதாவும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் அவரை நேராகப் பார்க்கவில்லை. நிப்லா குனிந்து தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கினாள். அன்றைக்கே நாள் குறித்தார்கள்.

அவர்கள் போனதும் அன்ஸார் சமையலறை வாசலில் போய் நின்றார். வந்து எல்லாருக்கும் சொல்வாய் என்றுதானே கூட்டிப் போனேன் என்று கேட்டார்.

“மகள்ட வாழ்க்கை. நான் என்ன செய்ய?” என்றாள் மஸூதா. “நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்தானே. ஊருக்குத் தெரிஞ்சி என்ன ஆகப்போகுது?”

அவள் சொன்னது ஒன்றும் நியாயமில்லாததல்ல. ஆனாலும், தனக்கு ஆசையானதை அதன் சொந்தப் பெயரிலேயே சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் நமட்டுச் சிரிப்பு இல்லாமல் கேட்க வேண்டும், இவ்வளவுதான் அவர் கேட்டது. அதைக் கேட்பது அவ்வளவு பெரிய குற்றமா என்று அவருக்கு விளங்கவே இல்லை.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. நிப்லா உக்குவளையில் சந்தோஷமாக இருக்கிறாள். மறு வருஷம் பாடசாலை விடுமுறைக்கு லாபிர் ஹாஜியார் தன் மகள் வழிப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலேசியாவுக்குப் போய் வந்தார். வந்ததும் நேரே பலாபத்வலைக் கடைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் கடுகடுப்பு.

“மஸூதா சொன்ன அந்தக் கடலோர ரோட்ட எங்கயும் காணல்லயே. மணி அடிக்கிற வண்டியும் இல்ல. கேட்டா ஆளுக்கு ஆள் முழிக்கிறாங்க. நீங்க எந்தப் பக்கம் போனீங்க?”

உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மஸூதா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அன்ஸார் கல்லாப்பெட்டியைப் பார்த்தார், வீதியில் போன லொறியைப் பார்த்தார்.

“அது கொஞ்சம் தள்ளி இருக்கு, ஹாஜியார்” என்றார்.