ஒன்று என்று போட்டவள்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் 'நம்பரக்கா' என்றே கூப்பிட்டார்கள். ஆப்பிரிக்க நாடு ஒன்றின் சுரங்கத் தொழிலாளிகளைப் பேட்டி கண்ட படிவங்கள் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொரு மனிதனையும் எண்ணாக்கிக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. கூலிக்காரன் என்றால் ஒன்று, விவசாயி என்றால் இரண்டு. பதினோரு வருடமாக அந்த வேலைதான் சோறு போட்டது. படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கு மருந்தும் வாங்கித் தந்தது.

ஆறு மாதம் சுரங்கத்தில் வெட்டி, ஆறு மாதம் ஊரில் சொந்த நிலத்தை உழுகிறவர்களால்தான் சிக்கல். கட்டத்தில் ஒரே எண்ணுக்குத்தான் இடம்.

"சார், இவங்களை எதுல சேர்க்கறது?"

மார்க்சியத்தைக் கரைத்துக் குடித்த பேராசிரியர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கூலி வாங்கறான்ல? ஒண்ணு போடும்மா. பாட்டாளி வர்க்கம் உருவாகிட்டு இருக்கு, நீ குறுக்க நிக்காத."

அவள் குறுக்கே நிற்கவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒன்று போட்டாள். நிலத்தின் பிடியிலிருந்து விடுபட்ட தொழிலாளர்களே அந்த நாட்டு அரசியலைத் திருப்பினார்கள் என்று அவர் எழுதிய புத்தகம், அந்த எண்களின் மேல்தான் நின்றது.

இப்போது அந்தப் புத்தகத்தின் கணக்கைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு புள்ளியியல்காரர் வந்திருக்கிறார். மூலப் படிவங்களைக் கேட்கிறார். இந்த வாரம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கப் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும்.

காலையில் கேன்டீனில் வாங்கிய டீயைக் குடிக்காமலே வைத்திருந்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார் கேன்டீன்காரர்.

"பேய் வந்தாப் பரவாயில்லண்ணே. உயிரோட முன்னூத்துப் பன்னெண்டு பேரு வர்றாங்க."

அறையில் புள்ளியியல்காரர் ஒரு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இவருக்கு நிலம் இருக்கு, மாடு இருக்கு. ஒண்ணுன்னு போட்டது யாரு?"

அவள் வாய் திறப்பதற்குள் பேராசிரியர் சிரித்தார். "அவசரத்துல மாத்தித் தட்டியிருக்கும். நல்ல பொண்ணுதான், கொஞ்சம் கவனம் பத்தாது."

தலையாட்டினால் போதும், வேலை தங்கும். கண்ணை மூடிக்கொண்டு எழுதினவர் அவர். கண்ணால் பார்த்துவிட்டும் போட்டவள் நான்தானே? யார் செய்தது பெரிய தப்பு?

"மாத்தித் தட்டல சார்," என்றாள். "முன்னூத்துப் பன்னெண்டு தடவை அப்படித் தட்ட முடியாது. நீங்க சொன்னீங்க, நான் போட்டேன்."

பேராசிரியர் சிரிப்பை நிறுத்தினார்.

"அந்த முன்னூத்துப் பன்னெண்டையும் எடுத்துக் காட்டுவீங்களா?" என்று கேட்டார் புள்ளியியல்காரர்.

அவள் முதல் படிவக் கட்டை இழுத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. மறுபடியும் முடிச்சைப் பிடித்தாள்.