ஜெர்ரி தேர்ந்தெடுத்த பயிற்சி

நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் கலாய்க்கிற ஆள் நான்தான். கல்லறைத் திருநாளன்றுகூட மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நேரே பிரியாணிக்குக் கிளம்பிவிடுகிறவன்.

ஜெர்ரியும் நானும் காக்ஸ் டவுனில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய், காற்று சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் நீந்துகிற ஸ்கூபா கற்றுக்கொண்டதும் சேர்ந்துதான். ஞாயிறு பூசை முடிந்ததும் பேக்கரி வாசலில் பஃப்ஸைக் கடித்துக்கொண்டே, தண்ணீருக்கடியில் இருக்கும் மெக்சிகோ குகைகளின் வீடியோவைப் போனில் காட்டுவான். "மச்சா, ஒரு தடவயாவது இதுக்குள்ள போய்ட்டு வந்துடணும்டா." போன வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அவனுக்காகவாவது போயே தீருவது என்று முடிவெடுத்தேன்.

எந்தப் பயிற்சியில் சேருவது என்பதில்தான் குழப்பம். ஒரு பயிற்சியாளர், ஒரே வாரத்தில் முழுக் குகையும் பழக்கிவிடுவேன் என்றார். இன்னொருவர், முதலில் குகை வாசலின் வெளிச்சம் தெரிகிற தூரம் மட்டும், மீதி அடுத்த வருடம் என்றார். ஆபீஸில் லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு, அதனால் ஒரு வாரக்காரரைப் பிடித்தேன்.

ஊருக்கு வெளியே ஒரு நீச்சல் குளத்தில் ஒத்திகை வைத்தார், நல்ல மத்தியானம். குகை இருட்டுக்குப் பழக மாஸ்க்கைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவார்கள். முன்னால் போகிறவர் தண்ணீருக்குள் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து நகர, பின்னால் வருகிறவர் அவர் கையைப் பிடித்திருப்பார். தள்ளினால் போ, அழுத்தினால் நில், இழுத்தால் திரும்பு. திரும்பும்போது வரிசை மாறும், பின்னால் இருந்தவர் வழிகாட்ட, நாம் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஜோடி குமார், சேலத்துக்காரர், ஐடி வேலை. நான் முன்னால், அவர் பின்னால்.

பாதிக் கயிறு போயிருப்பேன், கை அழுத்தியது. நின்றேன். தள்ளும் என்று பார்த்தால் மறுபடி அழுத்தல். என்னய்யா இவர் என்று எரிச்சலோடு நகரப் பார்த்தேன், ஒரே இழுப்பு. சரியென்று திரும்பி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தேன். நம்பினால் நம்புங்கள், துணியை விலக்கினால் குமார் கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"சாரி ஜீ, மாஸ்க்ல தண்ணி பூந்துடுச்சு, எறங்கின ஒடனே மேல வந்துட்டேன்."

பயிற்சியாளர் வீடியோ எடுக்கிற மும்முரத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. "பரவால்ல சார், தனியாவே சூப்பரா பண்ணீங்க" என்றார். நான் காற்று சிலிண்டரின் மீட்டரைப் பார்த்தேன், முள் சிவப்பில் நின்றது. அரைகுறையாக நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். குளத்தில் தலையைத் தூக்கினால் போதும், குகையில் தலைக்கு மேல் பாறை. ஈரம் காய்வதற்குள், உங்கள் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மெதுவான பயிற்சியில்தான் சேர்ந்திருக்கிறேன்.

அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. திரும்பி வரும்போது நான் தனியாகத்தான் வருகிறேன். வலது கை கயிற்றில். இடது கை முன்னால் நீண்டு எதையோ பற்றியிருக்கிறது, விரல்களுக்கு நடுவில் ஒரு கையின் பருமனுக்கு இடம். கரை வரை அந்த இடம் குறையவே இல்லை. பயமில்லை எனக்கு, வேறொன்றுதான் தூங்கவிடாமல் செய்கிறது. கடைசியில், கண்ணைத் திறக்கிற அவசரத்தில், அந்தக் கையை விட்டது நான்தான்.