அம்மா கழற்ற மறுத்த சிலுவை

எங்கள் அம்மா ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் சிலருக்கு அம்மாவின் மேல் இன்னும் மனத்தாங்கல் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதை மூடி மறைத்து எழுதினால் அது அம்மாவைப் பற்றிய கட்டுரையாக இருக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லால்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில், நெல் விவசாயக் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார் அம்மா. பத்தாம் வகுப்பு முடித்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு மனைவியாகி, ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நம் கத்தோலிக்க வழக்கப்படி அம்மாவின் தாலியில் சிலுவை பொறித்திருந்தது. பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுக்க, அப்பா கட்டியது.

எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா மாரடைப்பில் இறந்தார். மூன்றாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, ஒரு வெள்ளைப் புடவையும் சொம்பு நிறையப் பாலும் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். கழற்றிய தாலியைப் பாலில் போடுவது வழக்கம்.

“வாம்மா, இப்படி உட்காரு. சீக்கிரம் முடிச்சிரலாம்.”

“எதை அண்ணி முடிக்கிறது?”

“தாலியைத்தான். அவனே போயிட்டான், இனி எதுக்கு அது?”

அம்மா உட்காரவில்லை. மூன்று நாளாக அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது.

“இதுல இருக்கிறது சிலுவை, அண்ணி. சிலுவையில தொங்குறவரும் செத்துப்போனவர்தான். அவர் செத்துட்டாருன்னு கோவில்ல யாராவது சிலுவையை இறக்கி வச்சீங்களா?”

பூசை வைத்த சாமியார் இன்னும் வாசலில்தான் நின்றார். அவரை உள்ளே அழைத்து வந்தார்கள்.

“கழட்டணும்னு திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லைம்மா,” என்றார் அவர். “இருந்தாலும், உறவுக்காரங்க மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“சட்டம் இல்லேல்ல சாமி, அது போதும்.”

பெரியத்தை புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொம்பு கூடத்திலேயே இருந்தது. அந்தப் பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, எனக்கும் தம்பிக்கும் குடிக்கக் கொடுத்தார் அம்மா.

அன்றிலிருந்து எங்களுக்கு நல்ல காரியங்களுக்கு அழைப்பு குறைந்தது. அம்மாவுக்கு அப்பாவின் பணிமனையிலேயே கருணை அடிப்படையில் கலாசி என்ற உதவித் தொழிலாளி வேலை கிடைத்தது. ஆண்கள் நடுவில் இரும்பு சுமந்தார். ‘புருஷன் இல்லாதவளுக்குத் தாலி யாருக்காக?’ என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். ஒருவர் நேரிலேயே கேட்டும்விட்டார்.

“ஆணி அடிச்சுக் கொன்னாங்களே, அவருக்காக. வேற ஏதும் தெரியணுமா அண்ணே?” என்றார் அம்மா.

ஆனால் அம்மாவை அதிகம் நோகடித்தவள் நான். பதினைந்து வயதில், ஸ்கூலில் யாரோ அம்மாவைப் பற்றி அசிங்கமாகப் பேசிவிட, வீட்டுக்கு வந்து கத்தினேன்.

“கழட்டிப் போடும்மா! உன்னால எனக்கு அவமானமா இருக்கு!”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

“சிலுவைன்னா என்னன்னு நெனச்ச? நகைன்னா? அது தூக்குமரம்டி. நாதியில்லாதவனை ஊர் பார்க்க அம்மணமா நிறுத்திக் கொன்ன மரம். அதைவிட ஒரு அவமானம் அந்தக் காலத்துல கிடையாது. அந்த மரத்தையே கழுத்துல போட்டுக்கிட்டு நிக்கிறேன். இனிமே எவன் என்னை அவமானப்படுத்த முடியும்?”

அன்று எனக்குப் புரியவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அம்மாவும் சமாதானத்துக்கு வரவில்லை. சோறு மட்டும் வேளாவேளைக்குப் போட்டார்.

என் திருமணத்தில், மந்திரித்த தாலியைத் தட்டில் வைத்து ஆசிக்குக் கொண்டுபோக ஒரு சுமங்கலியைத் தேடினார்கள். அம்மாவே தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசையிலிருந்து தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டில் இருவர் எழுந்து வெளியே போனார்கள். பிரியாணிப் பந்திக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அம்மாவே பரிமாறினார்.

சில ஆண்டுகளில் பெரியத்தையின் கணவரும் காலமானார். அம்மா முதல் ஆளாகப் போனார். பெண்கள் சூழ்ந்தபோது குறுக்கே நின்று, “அவங்களுக்கு என்ன விருப்பம்னு ஒரு வார்த்தை கேளுங்க,” என்றார். பெரியத்தை தாலியைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு தானே கழற்றினார்.

“உன்னளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல,” என்றார்.

“யாரும் கை வைக்காம நீங்களே கழட்டுனீங்கள்ல அண்ணி? அதுவும் தைரியம்தான்.”

அதன் பிறகு இருவரும் ஞாயிறு பூசைக்குச் சேர்ந்தே போனார்கள்.

ஓய்வு பெற்ற நான்காம் ஆண்டில் அம்மாவுக்குப் புற்றுநோய் கண்டது. ஸ்கேன் எடுக்க நகையை எல்லாம் கழற்ற வேண்டும் என்றார்கள். அம்மா மறுக்கவில்லை. தானே கழற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினார். வெளியே வந்ததும், “கொடு,” என்று வாங்கி அணிந்துகொண்டார். கடைசி நாளில் பேச்சு இல்லை. தம்பி ஜெபம் சொல்லச் சொல்ல, உதடு மட்டும் அசைந்தது. அதுவும் நின்றது.

பெட்டியை மூடும் முன், “தங்கம் மண்ணுக்குள்ள எதுக்கு?” என்று ஒருவர் தாலியைக் காட்டிக் கேட்டார். தம்பியும் நானும் தாலியோடே மூடச் சொன்னோம்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்ட பணிமனைத் தோழிக்கும், கல்லறை வரை தோள் கொடுத்த பொன்மலை நண்பர்களுக்கும், தொண்ணூறு வயதிலும் அம்மாவுக்காகத் தினமும் ஜெபமாலை சொல்லும் பெரியத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மனத்தாங்கலோடு வந்தவர்களுக்கும் நன்றி, வந்தீர்களே.

நினைவுத் திருப்பலியில் ஒரு வேண்டுகோள். கணவரை இழந்த பெண்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். வாசலில் மல்லிகைப்பூ வைத்திருக்கிறோம். அம்மாவின் படத்துக்கு அல்ல, உங்களுக்கு.