குளித்த தண்ணீரில் வளர்ந்த எலுமிச்சை

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தபோது, கிரிவலம் வரும் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறோம் என்று எனக்குத் தெரியாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பத்துப் பேருக்குக் குறையாமல் வருவார்கள். மலையைச் சுற்றிவிட்டு வந்து குளிப்பார்கள், இட்லி சாப்பிடுவார்கள், கால் வலிக்கிறது என்று படுத்துக்கொள்வார்கள்.

அந்தக் குளியல் தண்ணீர் முழுக்க ஒரு குழாய் வழியாகப் பின்பக்கத்து எலுமிச்சை மரத்தடிக்குப் போகும். குழாயைப் போடச் சொன்னவள் நான்தான். தண்ணீர் வீணாகக் கூடாதே என்ற புத்திசாலித்தனம். மரமும் தளதளவென்று மதிலுக்கு மேல் வளர்ந்தது. ஐந்து வருஷத்தில் ஒரு காய் இல்லை. நான் ஊறுகாய்க்குக் கடையில் எலுமிச்சை வாங்கி வரும்போதெல்லாம் கணவர் பையை எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

"வெறும் எலைக்கு எதுக்கு இவ்ளோ எடம்? வெட்டிட்டா காரை நிறுத்தலாம்" என்றார் ஒரு தை மாதம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் நான் என் கையால் வைத்த முதல் செடி அது. சண்டை போட்டுச் சித்திரை முடியும்வரை தவணை வாங்கினேன்.

என் கெட்ட நேரம், மாசியிலேயே போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது. சமையலுக்கே லாரித் தண்ணீர். செய்தி பரவி, சொந்தக்காரர்கள் லாட்ஜில் தங்க ஆரம்பித்தார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்; விருந்தே இல்லாத அந்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன், பொய் சொல்வானேன். ஆனால் பங்குனி வெயிலில் எலுமிச்சை இலைகள் உள்பக்கமாக மடிந்தன. பிறகு கொட்டத் தொடங்கின. அரிசி கழுவிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஊத்தாதீங்க" என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல். பக்கத்து வீட்டுக்காரி, என் வயதுதான், வேளாண்மை அலுவலகத்தில் வேலை.

"சாவுதுங்க!" என்றேன்.

"சாவலைங்க. எலையில இருக்கிற சின்னச் சின்ன ஓட்டை வழியாத்தான் தண்ணி ஆவியாப் போவுது. அதை மூடிக்கிட்டிருக்கு. வெயில் படுறதக் கம்மி பண்ணத்தான் எலைய மடிச்சுக்குது. இத்தினி நாளா ஜாஸ்தி குடிச்சிட்டு எலையாவே விட்டுச்சு. கொஞ்சம் காயட்டும், மழை பேஞ்சா பூ வைக்கும் பாருங்க."

அரைகுறை நம்பிக்கையோடு வாளியைக் கீழே வைத்தேன். அதன்பிறகு அந்த மரத்தைப் பார்க்க மனசு கேட்காமல் பின்கதவைத் திறப்பதையே விட்டுவிட்டேன். நடுச் சித்திரையில் இரண்டு நாள் கோடை மழை பெய்தபோதுகூடப் போய்ப் பார்க்கவில்லை. கணவரோ மாதக் கடைசி ஞாயிறு மரம் வெட்ட ஆள் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு காலை ஆளை அழைத்துக்கொண்டு பின்பக்கம் போனவர், "இங்க வாயேன், சீக்கிரம்" என்று கத்தினார். போனேன். கிளை கிளையாக வெள்ளை மொட்டு. விரிந்ததில் தேனீக்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்ட வந்தவர் காபி குடித்துவிட்டு, "காய் வந்தா ரெண்டு குடுங்க" என்று சொல்லிப் போனார்.

கார்த்திகைத் தீபத்துக்கு வந்த நாத்தனார் பை நிறையப் பறித்துக்கொண்டார். "எல்லாம் நாங்க குளிச்ச தண்ணி" என்று பெருமை வேறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த மாசி. போரில் தண்ணீர் இருந்தது, பௌர்ணமிக்கு எல்லோரும் வருவதாக போன் வந்தது. வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? குளிக்கிற தண்ணீரெல்லாம் மறுபடி மரத்தடிக்குப் போனால் பூக்காதே என்று இரவெல்லாம் கவலைப்பட்டேன். காலையில் பார்த்தால் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குளியல் தண்ணீர்க் குழாயை மதிலோரத்து வாழைப் பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டிருக்கிறார். கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது.

பௌர்ணமியன்று குளித்துவிட்டு வந்த நாத்தனார் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "ஏன்டா, எலுமிச்சைக்குத் தண்ணி போவலியே?"

"அது வெரதம்க்கா" என்றார் கணவர். "சித்திரை வரைக்கும் யாரும் தொந்தரவு பண்ணாதீங்க."